இடது விலாவில் ஒரு கை

பந்துகள் மூன்றும் நீலம். தெளிந்த பிளாஸ்டிக் குழாய்கள் மூன்றின் அடியில், குழாய்க்கு ஒன்றாகக் கிடந்தன. பக்கத்திலிருந்து ஒரு நெளிகுழாய் நீண்டு, அதன் நுனியில் வாயில் வைக்கிற துண்டு. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் மைமூனா முதலில் நினைத்தாள்.

"நானா, இதை மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம் செய்யோணும்," என்றாள் நிரோஜினி, கட்டிலில் இருந்தவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு. ஆஸ்பத்திரியில் நோயாளர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் கைகால் பயிற்சியும் கொடுக்கிற பிள்ளை. இருபத்தாறு வயது இருக்கும். குரலில் ஐம்பது வயது அதிகாரம். "பந்து மேல போகோணும். இண்டைக்கு ஒண்டு போனாலும் காணும்."

கட்டிலில் சாய்ந்திருந்த மைமூனாவின் புருசன் அபூதாஹிர் கை நீட்டுமுன் மெல்ரோய் அதை எட்டிப் பறித்துவிட்டான். இருபத்தெட்டு வருடமாக அபூதாஹிரின் வள்ளத்தில் இஞ்சின் பிடிக்கிறவன். மைமூனாவுக்கு உடன்பிறவாத் தம்பி மாதிரி. இப்போது ஆண்கள் வாட்டில் இராப்பகலாகத் துணைக்கு நிற்பவனும் அவன்தான். வாய்த்துண்டைக் கவ்வி, கண் பிதுங்க, கன்னம் உப்ப, ஊது ஊதென்று ஊதினான். பந்து அசையவில்லை.

"மிஸ், இது பழுதாப்போன சாமான்."

"சாமான்ல பழுதில்ல அண்ணன். இது ஊதுறதில்ல, உறிஞ்சுறது."

"முதல்லயே சொல்லப்படாதா? நான் ஊதின ஊதுக்குத் துறைமுகத்தில ஒரு கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போயிருக்கும்."

பக்கத்துக் கட்டில் முதியவர்கூடச் சிரித்தார். அபூதாஹிரின் உதடுகள் மட்டும் விரிந்தன. சிரிப்பு தொண்டையில் நின்றது. நெஞ்சுக்கு இறங்க அவர் விடவில்லை. நிரோஜினி வாய்த்துண்டைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டி அவரிடம் கொடுத்தாள். அவர் உறிஞ்சினார். முதலாவது பந்து ஒரு நெல்மணி உயரம் எழும்பி விழுந்தது. அவ்வளவுதான். முகம் வெளிறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"நோகுதா நானா?"

"இல்ல."

யார் கேட்டாலும் அவருடைய பதில் இதுதான்.

மூதூரில் அபூதாஹிரைத் தெரியாதவர்கள் குறைவு. கொட்டியாரக் குடாவில் சங்கு குளிக்கிற சுழியோடிகளில், முதுகில் காற்றுப் போத்தல் இல்லாமல், சும்மா தம் பிடித்து எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி, இறங்குகிறவர் இன்னமும் அவர் ஒருவர்தான். மணமுடித்த புதிதில் ஒருநாள் மைமூனாவை வள்ளத்தில் கூட்டிப்போனார். அவர் தண்ணீருக்குள் போனதும் அவளும் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள், அவர் வரும்போது விடலாம் என்று. முட்டி, விட்டு, திரும்ப எடுத்து, மறுபடி அடக்கினாள். மூன்றாவது தரம் கண் இருட்டும்போதுதான் அவர் தலை தெரிந்தது. கையில் ஒரு சங்கு, முகமெல்லாம் சிரிப்பு. அவள் அழுதுகொண்டே ஏசினாள். அதற்குப் பிறகு அவள் வள்ளத்தில் ஏறவில்லை.

இந்த முறை அவரை அடித்தது கடல் இல்லை. இறங்குதுறையில், கரையில் கட்டிக் கிடந்த வள்ளத்தில் ஏறும்போது கால் வழுக்கி, அதன் விளிம்பில் இடப்பக்கம் அடிபட விழுந்தார். மூன்று விலா எலும்பு வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் கேளாமல் நாலு நாள் வீட்டில் கிடந்தார். பூனை பால் நக்குகிற மாதிரி, நெஞ்சின் மேல்நுனியால் சின்னச் சின்னதாக மூச்செடுத்துக்கொண்டு கிடந்தார். மைமூனா கேட்டபோது, "ஒரு மூச்சில ரெண்டரை நிமிசம் இருக்கிறவன் நான். சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு என்னத்துக்கு அவ்வளவு மூச்சு?" என்றார். வேறு யாராக இருந்தாலும் இரண்டாம் நாளே மூச்சு முட்டி ஓடி வந்திருப்பார்கள். மூச்சு முட்டுவதைக் காதில் போடாமல் இருக்க இவருடைய உடம்பு பழகியிருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து, நகம் நீலம் பாரித்த பிறகுதான் மெல்ரோய் வந்து தூக்கி வாகனத்தில் போட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

இடது நுரையீரலின் கீழ்ப்பாதி சுருங்கிச் சளி அடைத்துக் கிடக்கிறது என்றார் டொக்டர் இஹ்ஸான். இளம் ஆள், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் கீழே வெள்ளை. "வியாழக்கிழமை காலையில இன்னொரு எக்ஸ்ரே எடுப்பம். அதிலயும் இப்பிடியே இருந்தா, ஐ.சி.யூவில மெசின்ல போட வேண்டிவரும்."

மைமூனாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா கொரோனாக் காலத்தில் மெசினுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கிய ஓட்டமாவடியில் எங்கோ ஓர் இலக்கத்தின் கீழ் அடங்கியிருக்கிறார். மையித்தின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னதும், அத்தனை பேருக்கு முன்னால், அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

இன்று செவ்வாய். வியாழனுக்கு நடுவில் ஒரேயொரு நாள்.

நிரோஜினி அவளை விறாந்தைக்குக் கூட்டிப்போனாள்.

"ராத்தா, மூச்சு எப்பிடி உள்ள போகுதெண்டு நினைக்கிறீங்க?"

"மூக்கால போகுது. போய் நெஞ்சை ஊதவைக்குது. பலூன் மாதிரி."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறது. ஆனா அது தலைகீழ். முதல்ல நெஞ்சு விரியுது. பிறகுதான் காத்து வருது."

மைமூனா அவளைப் பார்த்தாள்.

"நுரையீரலால தன்னால விரிய ஏலாது. அதை இழுத்து விரிக்கத் தசை அதுக்குள்ள இல்ல. விலாவோட ஒட்டினபடி இருக்கும். விலா விரிஞ்சா அதுவும் விரியும். கீழ, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில, கவிழ்த்துவச்ச கோப்பை மாதிரி ஒரு தசை இருக்கு. அது இறுகினா தட்டையாகிக் கீழ இறங்கும். உள்ளுக்கு இடம் கூடும். இடம் கூடினா அமுக்கம் குறையும். வெளியில நிக்கிற காத்து தானா உள்ள ஓடி வரும்."

"சோஸ் போத்தலை அமத்திப்போட்டுக் கையை விட்டா, புசுக்கெண்டு காத்தை இழுக்குமே. அது மாதிரியா?"

"அதேதான்!" நிரோஜினியின் முகம் மலர்ந்தது. "இதை நான் படிச்ச காலத்தில ஒருத்தரும் சொல்லித் தரயில்ல."

"அப்ப வெளிய விடுறது?"

"அதுக்கு வேலையே இல்ல ராத்தா. இழுத்த தசை தன்ர பிடியை விட்டாச் சரி. நுரையீரல் றப்பர் மாதிரி தானாச் சுருங்கும். சும்மா இருக்கிற ஆளுக்கு எடுக்கிறது வேலை, விடுறது ஓய்வு."

மைமூனா விறாந்தைக் கம்பியில் கையூன்றிக் கீழே பார்த்தாள். வேலை, ஓய்வு, வேலை, ஓய்வு. ஐம்பது வருடமாகத் தனக்குள் ஒருவன் இப்படி நாள்கூலி போல உழைத்துக்கொண்டிருக்கிறான். ஒருநாளாவது அவனைக் கேட்டிருக்கிறாளா? கீழே மதிலோரம், இந்தப் பட்டணத்துத் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு, யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் விலாவும் ஏறி இறங்கியது.

"மெசின் என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"அது காத்தை உள்ளுக்குத் தள்ளும். உடம்பு இழுக்கும், மெசின் தள்ளும். நானாட உடம்பு தானே இழுக்குமெண்டா மெசின் தேவையில்ல." நிரோஜினி மைமூனாவின் கையை எடுத்துத் தன் விலாவின் கீழ்ப்பக்கத்தில் வைத்து மூச்செடுத்தாள். எலும்புகள் வாளியின் பிடியைத் தூக்கியதுபோல் மேலெழுந்து பக்கவாட்டில் விரிந்து கையைத் தள்ளின. மெலிந்த பெண், ஆனாலும் நல்ல தள்ளல். "நானாட இடப்பக்கம் இப்பிடி உங்கட கையைத் தள்ளோணும். அதை நீங்க பாருங்க. என்னை விட உங்களுக்குத்தான் அவர்ர உடம்பு தெரியும்."

பார்வையாளர் நேரம் முடியுமுன் மைமூனா கை வைத்துப் பார்த்தாள். வலது விலா கையைத் தள்ளியது. இடது விலா பூட்டிய அறை மாதிரிக் கிடந்தது.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் வாட்டுக்குள் நுழைந்தபோது மெல்ரோய் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். மைமூனா தங்கியிருந்தது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அன்புவழிபுரத்தில், அவனுடைய வீட்டில். அவன் மனைவி சீலா தன் குசினியில் ஓர் அடுப்பையும் புதுச் சட்டிகள் இரண்டையும் அவளுக்கென்றே ஒதுக்கிவிட்டிருந்தாள். அங்கே சமைத்த புட்டும் மீன் ஆணமும் மைமூனாவின் கையில் சுடச்சுட இருந்தன.

"ராத்தா, மூண்டும் போயிட்டுது!"

"என்ன மூண்டும்?"

"பந்து! காலையில நர்ஸ் மிஸ்ஸிமார் எல்லாரும் வந்து பார்த்தவையள். டொக்டரும் சிரிச்சவர். இப்பிடியே போனா நாளைக்கு எக்ஸ்ரே இல்லாமலே வீட்ட விடுவினம்."

அபூதாஹிர் கட்டிலில் ராசா மாதிரி இருந்தார். "பாரு புள்ள," என்று சொல்லி வாய்த்துண்டைக் கவ்வினார். ஒரே இழுப்பு. பந்துகள் மூன்றும் டக் டக் டக்கென்று உச்சியில் போய் இடித்தன. பக்கத்துக் கட்டில் முதியவர் கைதட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மைமூனா. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு, ஆசையில், வேறொன்றுக்குமில்லை, அந்தத் தள்ளலை ஒருதரம் உணர்ந்து பார்க்கவேண்டுமென்ற ஆசையில், அவருடைய இடது விலாவில் கையை வைத்தாள்.

"இன்னொருக்காச் செய்யுங்க."

பந்துகள் ஏறின. விலா அசையவில்லை.

"இன்னொருக்கா."

பந்துகள் ஏறின. கைக்குக் கீழே ஒன்றுமே நடக்கவில்லை. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னமும் குழிவிழுந்து, நாக்கு பின்னுக்கு இழுபட்டு, கண் ஒரு பக்கம் சாய்ந்து... இந்த முகத்தை அவள் எத்தனையோ தரம் கரையில் பார்த்திருக்கிறாள். பெற்றோல் கானுக்குள் குழாயை விட்டு, மறுநுனியை வாயால் உறிஞ்சி, எண்ணெயை இஞ்சின் தாங்கிக்கு இறக்குகிற முகம். அதை நெஞ்சால் இழுக்கக்கூடாது. இழுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். கன்னத்தாலும் நாக்காலும் மட்டும் இழுப்பார்கள் கடற்காரர்கள்.

கையை எடுத்துக்கொண்டாள். புட்டைக் குழைத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவர்கள் இருவரும் பழகியவர்கள். கடலுக்குப் போன மனுசனைக் காத்திருக்கிற வீட்டில் பேச்சு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மௌனங்களின் முகங்கள் அவளுக்குத் தெரியும். அசதியின் மௌனம் வேறு, கோபத்தின் மௌனம் வேறு. இது ஒளிக்கிற மௌனம்.

விறாந்தையில் மெல்ரோயை மடக்கினாள்.

"நீதானே சொல்லிக் குடுத்த?"

"என்னத்தை ராத்தா?"

"எண்ணெய் இழுக்கிற மாதிரி இழுக்கச் சொல்லி."

மெல்ரோய் தலையைச் சொறிந்தான். "சும்மா பகிடிக்குத்தான் தொடங்கினது. மிஸ்ஸி பார்த்துச் சந்தோசப்பட்டுட்டா. பிறகு நிப்பாட்ட ஏலாமப் போச்சு. மச்சானும் சொன்னான், நீங்க பார்த்தா அழமாட்டீங்க எண்டு." அவன் குரல் இறங்கியது. "எக்ஸ்ரேக்கு முதல் வீட்ட விட்டாலும் விடுவாங்க எண்டு ஒரு..."

"வீட்ட விட்டா வீட்டில மூச்சு எடுப்பாரா?"

மெல்ரோய் வாட்டுக்குள் திரும்பிப் போனான்.

அவள் நிரோஜினியின் அறை வாசல் வரை போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நிரோஜினி யாரோ ஒரு முதியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அபூதாஹிரின் பொய்யை இன்னொருவர் வாயால் உடைப்பது, அவர் உடுத்திருக்கிற சாரனை நாலுபேர் பார்க்க உருவுவது மாதிரி. சொல்லாமல் விட்டால் நாளைய படம் சொல்லிவிடும். அதற்குப் பிறகு மெசின். இரண்டுக்கும் நடுவில் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். ஐந்து மணிக்கு மறுபடி உள்ளே விடுவார்கள்.

ஐந்து மணிக்கு முதல் ஆளாக உள்ளே போனாள். மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று யன்னல் சீலையை அடித்துக்கொண்டிருந்தது. கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இஞ்சருங்க. பந்துக்கு உங்களைத் தெரியா. எனக்குத் தெரியும்."

அவர் யன்னலைப் பார்த்தார்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"கை வச்ச உடன."

"பிறகு ஏன் சும்மா இருந்த?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு."

பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் வாழைப்பழம் உரிக்கிற மணம் வந்தது. அபூதாஹிர் போர்வையின் ஓரத்தை விரலால் சுற்றினார்.

"நீ மெசின் எண்டு அழுத புள்ள. பந்து போனா நீ அழமாட்டாய் எண்டு நினைச்சன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதோட, எனக்கு ஏலாது. பொய் சொல்லயில்ல. எடுக்கோணும் எண்டுதான் நினைக்கிறன். நெஞ்சு நொந்த உடன தொண்டை தானாப் பூட்டிக்கொள்ளுது. கடலுக்குள்ள நெஞ்சு நொந்தா வாயைத் திறக்கப்படாது. திறந்தா மவுத்துத்தான். முப்பது வருசம் அதைத்தான் இந்த உடம்புக்குப் படிப்பிச்சிருக்கன். இது கரை எண்டு சொன்னா அது கேக்குதில்ல."

அழக்கூடாது, அழுதால் இந்த மனுசன் இன்னொரு வித்தை செய்து காட்டுவார்.

"அப்ப நோகுதா?"

அவர் வாய் 'இல்ல' என்று சொல்லத் திறந்து, மூடிக்கொண்டது.

"ஓம்," என்றார். "உயிர் போகுது."

அவள் எழுந்துபோய் மிஸ்ஸியைக் கூட்டி வந்தாள். மிஸ்ஸி இடுப்பில் கை வைத்தாள். "நாலு நாளா நோ இருக்கா நானா எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன். இல்ல எண்டுதானே எழுதி வச்சிருக்கிறன்! நோ இருந்தா மூச்சு எடுக்க ஏலாது, அதுக்குத்தான் மருந்து." டொக்டரிடம் போனில் கேட்டு ஓர் ஊசி ஏற்றினாள். இருபது நிமிடம் பொறுக்கச் சொன்னாள்.

அவருடைய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். சங்கின் விளிம்பு கிழித்த பழைய வடுக்கள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டு போனாள். மெல்ரோய் கட்டில் காலடியில் நின்று, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியன் மாதிரித் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் இடது விலாவில் கையை வைத்தாள்.

"பந்து வேணாம். என்ர கையைத் தள்ளுங்க."

அவர் எடுத்தார். ஒன்றுமில்லை.

"நீ பாரமா வைக்கிறாய்."

"கை பாரமில்ல. நீங்கதான் தள்ளயில்ல. நெஞ்சால இல்ல, கீழ இருந்து. வயிறு முன்னுக்கு வரோணும். இது கரை. திறங்க."

இரண்டாவது. தொண்டை பூட்டிக்கொள்வதை அவள் காதால் கேட்டாள். சின்னதாக ஒரு 'க்'. அவளே அறியாமல் மற்றக் கையால் அவருடைய கழுத்தை, பிள்ளைக்குத் தடவுவதுபோல், தடவினாள். "ஒண்டுமில்ல. தண்ணி இல்ல இஞ்ச. காத்துத்தான்."

மூன்றாவது. அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே, ஒரு சோற்றுப்பருக்கை அளவு, ஏதோ நகர்ந்தது.

"ஆ," என்றாள்.

நாலாவதில் விலா மெல்லத் திறந்து அவளுடைய விரல்களை வெளியே தள்ளியது. அதே கணம் உள்ளே எங்கோ ஏதோ பறிந்த மாதிரி ஒரு சத்தம், அபூதாஹிர் இருமினார். மெல்ரோய் தலையணையைத் தூக்கி அவருடைய நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். இருமல் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடைசியில் மைமூனா நீட்டிய கிண்ணத்தில், பச்சையும் பழுப்புமாக, தடித்த ஒரு சளிக்கட்டி வந்து விழுந்தது.

மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"மச்சான்," என்றான் மெல்ரோய் பக்தியோடு, "இந்த வருசத்தில நீ எடுத்த சங்குகளில இதுதான் பெரிசு."

அபூதாஹிருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இந்தமுறை தொண்டையில் நிற்கவில்லை. சிரித்து, நொந்து, "சிரிக்கவைக்காத நாயே," என்று ஏசி, மறுபடி இருமினார். இன்னொன்று வந்தது. மைமூனா கிண்ணத்தைத் தங்கக் கிண்ணம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்து வெளியே போகச் சொல்லும்வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கையை வைத்தாள். போகும்போது மெல்ரோயின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பகல் அவள் வந்தபோது நிரோஜினியும் டொக்டர் இஹ்ஸானும் கட்டிலருகில் நின்றார்கள். அபூதாஹிர் தானாகவே காலையில் நிரோஜினியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் முதலில் கோபப்பட்டு, பிறகு தன் அறைக்குப் போய் பந்துக் குழாயை வாயில் வைத்து அதே மாதிரி செய்து பார்த்து, மூன்றும் ஏறியதும் சிரித்துவிட்டாளாம்.

"இனிமே நான் ஆக்களுக்குக் குடுக்கேக்க கன்னத்தையும் பார்க்கோணும்," என்றாள். "கடற்கரை ஊரில வேலை செய்யுறது லேசில்ல."

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மைமூனாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் இடப்பக்கம் கீழே, நேற்று முன்தினம் சுண்ணாம்பு பூசினமாதிரி இருந்த இடத்தில், கறுப்பு ஒழுகி இறங்கியிருந்தது. முழுக்க இல்லை. அரைவாசி.

"மெசின் தேவையில்ல," என்றார் டொக்டர்.

மைமூனா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நாளைக்கு வீட்ட போகலாமா டொக்டர்?" என்று அபூதாஹிர் கேட்டார். "நல்ல கடல். இப்ப தவறவிட்டா பிறகு தண்ணி கலங்கிப்போகும்."

"வீட்டுக்கு இன்னும் அஞ்சு நாள். கடலுக்கு மூண்டு மாசத்துக்குப் பிறகு வந்து கேளுங்க. கேக்கிற நேரம் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. நீங்க சொல்றதை நான் நம்பமாட்டன்."

மெல்ரோய் வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அபூதாஹிர் மைமூனாவைப் பார்த்தார், எனக்காகவாவது ஒரு சொல் சொல்லமாட்டாயா என்கிற மாதிரி. அவள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நாள்," என்று முணுமுணுத்தார். தலையணையில் சாய்ந்தார். அலுத்துப்போய், கோபத்தில், தன்னை மறந்து, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். அதை விடுவதற்கு முன்னால் எடுக்கவேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் எங்கும் பூட்டாமல் அது உள்ளே போனது, அடிவரை. போர்வை இடப்பக்கத்தில் உயர்ந்து, ஒரு கணம் நின்று, ஆறுதலாக இறங்கியது.

அவருக்கு அது தெரியவில்லை. மைமூனா பார்த்தாள். சொன்னால் அதையும் ஒரு வித்தையாக்கிவிடுவார் என்று, பேசாமல் புட்டைக் குழைத்தாள்.